செயலாளர் மெச்சிய புல்

டெல்லியில் முனிர்காவுக்குப் பக்கத்தில் எங்கள் குடியிருப்பின் தோட்டக்காரர் தமிழர். குளிர்காலத்தில் பேண்ட்டின் மேல் லுங்கி கட்டியிருப்பார். கேட்டை ஒட்டிய அழகுப்புல் வரிசைக்குத் தினமும் விரலால் தலை வாரிவிடுவார். முன்புறம் காய்கறி கூடாது, அழகுச்செடி மட்டும்தான் என்பது சங்கச் செயலாளர் போட்ட சட்டம். செயலாளர் அந்தப் புல்லருகே நின்று படம்கூட எடுத்துக்கொண்டார்.

ஒருநாள் போகிற போக்கில் அந்தப் புல்லில் ஒரு தாளைக் கிள்ளினேன். விரலெல்லாம் பூண்டு வாசம்.

"என்னண்ணே இது?"

"மெதுவா சார். அந்தப் புல்லு தீபாவளிக்கே செத்துப்போச்சு. தெரிஞ்சா என் வேலை போயிரும்னு பூண்டை ஊனிட்டேன். பார்க்க ரெண்டும் ஒண்ணுதான். இது ரசத்துக்கு ஆவும். அது செயலாளர் மாதிரி, விறைப்பா நிக்கும், அவ்வளவுதான்."

பங்குனியில் ஒரு காலை வரிசையையே காணோம். புல் திருடியவர் மீது நடவடிக்கை என்று செயலாளர் இந்தியில் நோட்டீஸ் அடித்தார். அதைக் கேட்டில் ஒட்டிக்கொண்டிருந்தவர் நம் தோட்டக்காரர்தான்.

"என்ன ஜனங்க சார், புல்லைக்கூட விட மாட்டேங்கிறாங்க" என்றார்.

அவர் முகத்திலிருந்த வருத்தத்தைப் பார்த்து நானே ஒரு நிமிடம் நம்பிவிட்டேன். நோட்டீஸில் பசையைவிடப் பூண்டுதான் அதிகம் மணந்தது.