தொண்ணூற்றைந்தில் நின்ற சக்கரம்

ஆர்டிஸ் ட்வைட் அமெரிக்காவின் நார்த் டகோட்டாவில் இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். தினமும் வண்டியை எடுக்குமுன் ரப்பர் சுத்தியலால் ஒவ்வொரு டயரையும் ஒரு தட்டு தட்டுவாள். கணீரென்றால் காற்று இருக்கிறது, தொப்பென்றால் இல்லை. அதன் பிறகுதான் சாவியைத் தொடுவாள்.

ஓய்வு பெற்றதும் அவளும் கணவன் ஓர்லினும் வீட்டை விற்று, முப்பத்தெட்டு அடி நீள வீட்டு வண்டி ஒன்றை வாங்கினார்கள். கட்டில், அடுப்பு, அவள் அம்மாவின் பீங்கான் தட்டுகள் எல்லாம் அதற்குள்தான். அதைவிட்டால் அவர்களுக்கு வேறு கூரை கிடையாது. ஆயுள் முழுக்கத் தபால் நிலையத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்த ஓர்லின், ஸ்டீயரிங் கைக்கு வந்ததும் கப்பல் தலைவனாகிவிட்டான். ஆசைப்படுகிறான், ஓட்டட்டும் என்று ஆர்டிஸ் விட்டுக்கொடுத்தாள்.

அந்தக் குளிர்காலம், பனிக்குத் தப்பி இப்படிப்பட்ட வண்டிகள் வந்து கூடும் அரிசோனா முகாமில் எல்லார் வாயிலும் மேர்வின் நூட்சனின் வண்டி எரிந்த பேச்சுதான். பின்னால் பக்கத்துக்கு இரண்டாக ஒட்டியிருக்கும் டயர்களில் உள்டயருக்குக் காற்று இறங்கியிருக்கிறது. வெளிடயர் தாங்கிக்கொண்டதால் ஓட்டினவருக்குத் தெரியவில்லை. துவண்ட டயர் உரசி உரசித் தீப்பிடித்து, பத்தே நிமிடத்தில் வண்டி சாம்பல். டயர் காற்றைக் கண்காணிக்கும் கருவி ஒன்றை உடனே வாங்க வேண்டும் என்று ஆர்டிஸ்தான் ஓர்லினைச் சந்தைக் கூடாரத்துக்கு இழுத்துப் போனாள்.

"எத்தனை அடி வண்டி?" என்று கேட்டான் கடைக்காரன்.

"முப்பத்தெட்டு."

"அப்போ நடுவுல இந்த சிக்னல் பெட்டியப் போட்டே ஆகணும் மேடம். இல்லேன்னா பின்டயர் சொல்றது முன்னால வந்து சேராது."

ஓர்லின் அவளை ஓரங்கட்டினான். "தலையில கட்டப் பாக்குறான் ஆர்டிஸ். அதோ அந்தக் கருவியப் பாரு, கலர் திரை, எவ்ளோ பெருசு! பெட்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"ஓர்லின், பின்டயர்தானே..."

"வண்டிய ஓட்டுறது நீயா, நானா?"

ஆர்டிஸ் வாயை மூடிக்கொண்டாள். அன்று மூடிய அந்த வாயை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

கலர் திரை வந்தது. "இனிமே அந்தச் சுத்தியலத் தூக்கி உள்ள வை. முகாமே சிரிக்குது" என்றான் ஓர்லின். அவளும் வைத்தாள். முதல் வாரமே கருவி 'சிக்னல் இல்லை' என்று கத்த ஆரம்பித்தது. அவன் கையேட்டைப் புரட்டி, சிக்னலைச் சரிசெய்யாமல் கத்தலை மட்டும் நிறுத்தினான். பெரிய வேலை செய்துவிட்டதாக இரண்டு பீர் வேறு குடித்தான்.

ஏப்ரலில் ஊர் திரும்பக் கிளம்பினார்கள். காலையில் பின்டயர்கள் நான்குக்கும் காற்றழுத்தம் தொண்ணூற்றைந்து என்று திரை காட்டியது. மலைச்சாலை ஏறத் தொடங்கியது. வெயிலோ கொளுத்தியது.

"பின்னால இடது பக்கம், உள்டயரு. காலையிலேருந்து தொண்ணூத்தஞ்சுலயே நிக்குது" என்றாள் ஆர்டிஸ்.

"நல்லதுதானே? மத்ததெல்லாம் நூத்தஞ்சு, நூத்தாறுன்னு துள்ளுது. அது ஒண்ணுதான் உங்க அக்கா மாதிரி அடக்க ஒடுக்கமா இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஓடுற டயர் சூடாகும், சூடானா காத்தழுத்தம் ஏறும். ஏறாம எப்படி இருக்கும்? திரை பழசையே காட்டிட்டு நிக்குது. அங்க இப்போ என்ன இருக்குன்னே நமக்குத் தெரியாது. நிறுத்து."

"இங்க ஓரமே இல்ல, எங்க நிறுத்த? ஆறு மைல்ல இறங்குற வழி வரும், பேசாம இரு."

அவள் எழுந்து போய் இழுப்பறையிலிருந்து சுத்தியலை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு மைல் போனது. இரண்டாவது மைலில் ரப்பர் கருகும் நாற்றம் லேசாக வந்தது. மூன்றாவதில் பின்னால் வந்த லாரி விளக்கை அடித்து அடித்து ஹாரனை விடாமல் அழுத்தியது.

"நிறுத்து ஓர்லின்!"

வண்டி நின்றதும் அவள் குதித்து இறங்கிப் பின்னால் ஓடினாள். சுத்தியலுக்கு வேலை இல்லை. உள்டயரிலிருந்து தீ ஏறி, கட்டிலுக்கு அடியில் பிடித்திருந்தது. கதவருகே திகைத்து நின்றவனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். லாரிக்காரர் தீயணைப்பானோடு வந்தார். அனல் அவரை அண்டவிடவில்லை.

சாலையோரத்தில் மூவரும் நின்றார்கள். உள்ளே பீங்கான் தட்டுகள் ஒவ்வொன்றாக வெடிக்கும் சத்தம் ஆர்டிஸுக்குக் கேட்டது. ஓர்லின் இறங்கும்போது கையில் அகப்பட்ட ஒன்றே ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தான். அந்தத் திரையை.

"பாரு ஆர்டிஸ்" என்றான். "இப்பவும் தொண்ணூத்தஞ்சுதான் காட்டுது."

"அன்னிக்குக் கூடாரத்துலயே நான் சண்டை போட்டிருக்கணும்" என்றாள் ஆர்டிஸ்.