மௌலானா வீட்டுக்குப் போன பானை

பல்வஷாவின் அப்பா வீட்டுக் கதவில் இரண்டு துப்பாக்கி ஓட்டைகள் இன்னும் இருக்கின்றன. அவளுக்குப் பதினேழு வயதில் தாஜ்மீன் என்ற தடியன் அந்தக் கதவைச் சுட்டு, "இவ எனக்குத்தான்!" என்று கத்திவிட்டுப் போனான். பாகிஸ்தானின் பாஜௌர் மலைப்பக்கத்து வழக்கம் அது. அதன்பின் வேறெவனும் அந்தப் பெண்ணைக் கேட்டு வரமாட்டான்; வந்தால் பிணம் விழும். பாவி, கட்டிக்கொள்ளவுமில்லை, விடவுமில்லை. ஆறு வருஷம் அந்த வாசலை ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

ஏழாம் வருஷம் மௌலானா ரஹீம்தாத் வந்தார். அந்த ஊர்ப் பள்ளிவாசலுக்கும் அவர்தான் தலைவர், தேர்தலில் நிற்கும் மதக் கட்சிக்கும் அவர்தான். ரொட்டிக்கடை ஜன்னத்மீருக்காகப் பல்வஷாவைப் பெண் கேட்டார்.

அப்பா அவரை அவசரமாக உள்ளே இழுத்தார். "இருட்டினப்புறம் வந்திருக்கலாமே, ஹஸ்ரத்!"

"நான் என்ன திருடனா? நாலு பேர் பாக்கணும்னுதான்யா பட்டப்பகல்ல வந்தேன். டீ போடச் சொல்லு, சர்க்கரை தூக்கலா."

துப்பாக்கியால் பெண் கேட்பது மார்க்கமே இல்லை என்று வெள்ளிக்கிழமை பிரசங்கத்திலும் போட்டு உடைத்தார். தாஜ்மீன் வாலைச் சுருட்டிக்கொண்டான். கல்யாணம் நடந்தது; இன்று பல்வஷாவுக்கு மூன்று பிள்ளைகள். மௌலானாவுக்காக துஆ கேட்காமல் அவள் ஒருநாளும் படுத்ததில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் திங்கட்கிழமை, தொழுதுவிட்டுச் செருப்பு மாட்டும்போது தீவிரவாதிகள் சுட்டுக் கொன்றார்கள். ஓட்டுப் போடச் சொன்னாராம், அதுதான் குற்றமாம். அவர் வீட்டு வாசலை மிதிப்பவர்களுக்கும் இதே கதி என்று பள்ளிவாசல் சுவரில் சீட்டு ஒட்டினார்கள்.

சாவு வீட்டில் மூன்று நாள் அடுப்பு மூட்டமாட்டார்கள். அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுபோக வேண்டும். அடக்கம் முடிந்த மறுநாள் மதியம் வரை ஒரு பானைகூடப் போகவில்லை.

"மௌலானாவோட பேரப்பிள்ளைங்க அஞ்சும் பட்டினி," என்றாள் பல்வஷா.

"எனக்குத் தெரியாதா? அந்தச் சீட்டைப் பாத்தியா நீ?" என்றான் ஜன்னத்மீர்.

"எனக்கெங்க படிக்கத் தெரியும்?" இறைச்சிக் குழம்புப் பானையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

"அடியே, இருடி! வெறுங்குழம்பையா கொண்டுபோவ?" ஜன்னத்மீர் இருபது ரொட்டியைச் சூடாகத் துணியில் சுற்றிக்கொண்டு பின்னாலேயே ஓடினான். வாய் ஓதிக்கொண்டே இருந்தது.

மௌலானாவின் மனைவி நூர்ஜியா கதவை விரலளவுதான் திறந்தாள். "போயிடும்மா. உனக்குப் பிள்ளைங்க இருக்கு."

"எங்க வாசலுக்கு யாருமே வராதப்போ அவர் வந்தாரு, அக்கா. அன்னிக்கு அவர் வரலேன்னா எனக்கேது பிள்ளைங்க?"

கதவு முழுசாகத் திறந்தது. பிள்ளைகள் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்பதைப் பார்த்தபிறகுதான் நூர்ஜியாவுக்கு அழுகையே வந்தது.

அவர்கள் கிளம்பும்போது நூர்ஜியா, "பின்சந்து வழியாப் போ, யாராவது பாத்துடப் போறாங்க," என்றாள்.

"பாக்கட்டும், அக்கா. நாலு பேர் பாத்தாத்தானே அடுத்த பானை வரும்."

பல்வஷா காலிப் பானையோடு பள்ளிவாசல் தெருவிலேயே நடந்தாள். சீட்டு ஒட்டிய சுவருக்கு எதிர்வீட்டில் வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. ஜன்னத்மீர் நின்று மூக்கை உறிஞ்சினான்.

"இது ஒரு வீட்டுக்கு வதக்குற வெங்காயம் இல்லடி," என்றான்.