காலி நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்

போன வருஷம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த நேரம். ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் நான் வேலை பழகிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் போச்சம்பள்ளியில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தவள் நான். வீட்டுக்காரருக்கு ஓசூரில் வேலை கிடைத்து இங்கே குடிவந்த பிறகு, கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஷிப்ட் வேலைக்குப் போக முடியவில்லை. அதனால் பகல் நேர வேலையாகப் பார்த்து இதில் சேர்ந்தேன்.

ஃபிரேம் எடுத்துக் கொடுக்கிற வேலைதானே என்று நினைத்துத்தான் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, அதில் படிக்க அவ்வளவு இருக்கிறது என்று. பவர் அதிகமானால் பெரிய ஃபிரேம் ஏன் ஆகாது, இரண்டு கருவிழிக்கும் நடுவிலிருக்கும் தூரத்தை ஸ்கேல் வைத்து எப்படி அளப்பது, தூரமும் கிட்டமும் ஒரே லென்ஸில் வேண்டுமென்று வருகிற லாரி டிரைவருக்கும் டைலருக்கும் ஏன் ஒரே மாதிரி கொடுக்கக்கூடாது, இப்படி. சொல்லிக்கொடுத்தது எங்கள் கடையில் கண் பரிசோதனை செய்யும் பெண். என்னைவிடச் சின்னவள். என்னை அக்கா என்பாள், நான் அவளை மேடம் என்பேன். எனக்கு எல்லாம் வந்தது, கேள்வி கேட்பதுதான் வரவில்லை. தெரியாத ஆளிடம் போய் "காலையில எழுந்ததும் என்னென்ன வேலை செய்வீங்க, எதைப் பார்க்கக் கஷ்டமா இருக்கு" என்று கேட்கக் கூச்சமாக இருக்கும்.

அன்றைக்கு மத்தியானம் மேடம் ஏதோ ஒரு கம்பெனியில் கண் பரிசோதனை முகாமுக்குப் போயிருந்தாள். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். மழையில் கரண்ட் போய், இன்வெர்ட்டரில் பாதி விளக்குதான் எரிந்துகொண்டிருந்தது. எங்கள் கடையில் சுவரெல்லாம் கண்ணாடி. வெளிச்சம் குறைந்துவிட்டால் அந்தக் கண்ணாடிகளுக்குள் கடை நீண்டுகொண்டே போவது போலத் தெரியும். அதில் நான் ஒருத்தி மட்டும் பல இடங்களில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். இரண்டு பேருக்கும் அறுபது வயதை ஒட்டி இருக்கும். அந்த அம்மாவின் முழங்கையைப் பிடித்துக் கூட்டிவந்து என் எதிரில் உட்கார வைத்தார் அவர்.

"ஏம்மா, இவளுக்குப் பார்வ மங்கலா இருக்குது. நல்ல கண்ணாடியா ஒண்ணு பாரு. வண்டிய அப்படியே ரோட்டுல உட்டுட்டு வந்துட்டேன், ஓரங்கட்டிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

மேடம் வந்துதான் பரிசோதிக்க வேண்டும், அதுவரை ஃபிரேம் பார்க்கலாம் என்று சொன்னேன். அந்த அம்மா தலையாட்டினார்.

"எனக்கு ஒண்ணும் அவசரமில்ல கண்ணு. அந்தப் பொண்ணுக்கு மொதல்ல பாரு. பாவம், எனக்கு முன்னாலயே வந்து உக்காந்திருக்குது."

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலி காலியாக இருந்தது.

"எந்தப் பொண்ணுங்கம்மா?"

அவர் அந்த நாற்காலியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். ஆனால் என் கண்ணைப் பார்க்கவில்லை. என் காதுக்கு அந்தப் பக்கம், தோளுக்கு மேலே எதையோ பார்ப்பது போல இருந்தது அவர் பார்வை.

"உனக்கும் தெரியலையா" என்றார். செய்யக்கூடாததைச் செய்து மாட்டிக்கொண்டவர் குரல் மாதிரி இருந்தது. அப்புறம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

வெளியே மழைச் சத்தம். கடைக்குள் நாங்கள் இரண்டு பேர். சிரித்து மழுப்பிவிடலாமா, எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொள்ளலாமா என்று தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.  என்ன செய்வதென்று தெரியாமல், மேடம் பழக்கியபடி கேள்வி கேட்டேன்.

"நீங்க என்ன வேலைம்மா செய்றீங்க?"

குருபரப்பள்ளிப் பக்கத்தில் ஹைவே ஓரமாக அவர்களுக்கு ஒரு டிபன் கடை. லாரிக்காரர்கள்தான் வாடிக்கை. பங்குனி மாதம் ஒரு காலையில் ரோட்டுக்கு நடுவே ஒரு கூட்டம் வரிசையாக நடந்து போனதாம். எல்லாரும் விசேஷத்துக்குப் போகிறவர்கள் போல உடுத்திக்கொண்டு, முழங்கால் உயரத்துக்கு மேல் இல்லாத ஆட்கள். லாரிகள் அவர்கள் மேலேயே ஏறிப் போயினவாம். ஒருத்தரும் கத்தவில்லை.

"அப்புறம் கடைக்குள்ளயே வர ஆரம்பிச்சுட்டாங்க. கடைக்குள்ள வந்தவங்க மட்டும் நம்ம உசரத்துக்கு இருந்தாங்க. பெஞ்சில உக்காருவாங்க. பேசமாட்டாங்க. ஒரு நாளு இலையப் போட்டு இட்லி வெச்சு, சட்னி ஊத்தப் போறேன், அவரு வந்து கையப் புடிச்சுட்டாரு. யாருக்குடி வெக்கறன்னாரு. ஈ மொய்க்கற வரைக்கும் அந்த இல அப்படியே கெடந்துச்சு."

அந்த வளைவில் விபத்து அதிகம். செத்துப்போனவர்கள் பசியோடு வந்து உட்காருகிறார்கள் என்று ஊரில் பேச்சாகிவிட்டது. லாரிகள் அந்தக் கடையில் நிற்பது குறைந்தது. அவர்கள் எங்கள் கடைக்கு வந்த அன்றைக்கு மறுநாள் அமாவாசை. மாநில பார்டருக்கு அந்தப் பக்கம் பேய் ஓட்டும் ஒரு ஆளிடம் இவரைக் கூட்டிப்போக ஏற்பாடாகியிருந்தது.

"கண்ணுல ஏதோ தழச் சாறு புழிஞ்சு உடுவாராம். எரியுமாம். எரியறது எனக்கில்லையாம், அதுங்களுக்காம்." சொல்லிவிட்டு அந்த அம்மா இமையைத் தடவிக்கொண்டார். "கண்ணாடி போட்டு அதுங்க தெரியாம போச்சுன்னா அவரு உட்டுருவாரு. அதுக்குத்தான் நானே கேட்டு வந்தேன். அப்படி ஒரு கண்ணாடி இருக்குதா கண்ணு?"

 அடுத்த கேள்வியைத்தான் கேட்டேன். அந்தப் பெண் என்ன உடுத்தியிருக்கிறாள்?

"பாவாட தாவணி. தாவணி மாம்பழக் கலரு. ரவிக்கையில பொடிப் பொடியாப் பூ போட்டிருக்குது, ஒவ்வொரு பூவுக்கும் நடுவுல ஒரு கறுப்புப் புள்ளி. காதுல ஜிமிக்கி. அதுல தொங்கற முத்தக்கூட எண்ணிச் சொல்லிருவேன்." கொஞ்சம் நிறுத்தினார். "உன்னயத்தான் பாத்துக்கிட்டிருக்குது."

என் முதுகில் ஈரத்துணி போட்டது போல இருந்தது. பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்கப் பயந்து எதிர்ச் சுவரைப் பார்த்தேன். அங்கே கண்ணாடிக்குக் கண்ணாடி அதே காலி நாற்காலி. அதைப் பார்க்கவும் முடியவில்லை. வாய்க்கு வந்ததைக் கேட்டேன்.

"என் முகம் எப்படிம்மா தெரியுது?"

"உன் மூஞ்சி எங்க தெரியுது? அங்க புகை அடிச்ச மாதிரி ஒரு கற இருக்குது. கொரல வெச்சுத்தான் பேசிக்கிட்டிருக்கேன்."

அந்தப் பதில்தான் என்னை நிதானப்படுத்தியது. கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கும் என் முகம் தெரியவில்லை, ஆனால் ஜிமிக்கியின் முத்து தெரிகிறது. இது எந்தப் பார்வை? கண்ணை மூடச் சொன்னேன். இப்போது அந்தப் பெண் இருக்கிறாளா? இல்லை என்றார். திறந்தார். இருக்குது என்றார். என் முகம் மறைந்திருக்கும்போது முத்து தெரிந்து, அதுவும் இமையை மூடினால் போய்விடுகிறதென்றால், அது நாற்காலியில் இல்லை, இவர் கண்ணோடு சம்பந்தப்பட்டது என்று மெதுவாகப் புரிந்தது.

"ஆமா, இந்தப் பலகையெல்லாம் ஏன் இப்படி வளைச்சு அடிச்சிருக்கீங்க?" என்று அவராகவே கேட்டார். என் பின்னால் ஃபிரேம் அடுக்கியிருந்த பலகைகள் நேராகத்தான் இருந்தன.

மேடம் ஒரு நாள் கட்டம் போட்ட அட்டை ஒன்றைக் காட்டி, இதில் கோடு வளைந்து தெரிகிறது என்று யாராவது சொன்னால் அவர்களுக்குக் கண்ணாடி விற்கக்கூடாது, உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று சொன்னது ஞாபகம் வந்தது. மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.  முகாமின் இரைச்சலுக்கு நடுவே அவள் முழுக்கக் கேட்டாள்.

"அக்கா, பயப்படாதீங்க. பார்வை ரொம்பக் கொறைஞ்சு போனவங்க சில பேருக்கு இப்படி ஆள் தெரியும். புத்தியில எந்தக் குறையும் இருக்காது. கண்ணுல இருந்து ஒண்ணும் வரலைன்னா மூளை தானா படம் போட்டுக்குது. ஆனா கோடு வளையறது அவசரம். இன்னைக்கே ரெட்டினா டாக்டர்கிட்டப் போகணும். கண்ணுல எதையும் ஊத்த விட்றாதீங்க."

போனை வைக்கும்போது அந்தக் கணவர் உள்ளே வந்தார். மழைக்குப் பச்சை ரெயின்கோட் ஒன்றை மாட்டியிருந்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட ஒன்றும் பேசாமல் மனைவிக்கு நேர் எதிரே வந்து நின்றார்.

அந்த அம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, அவருக்குக் கேட்கக்கூடாது என்பது போல மெதுவாகக் கேட்டார்.

"கண்ணு, இங்க ஒருத்தரு வந்து நிக்கறாரே, இவரு உனக்குத் தெரியறாரா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கணவரே பேசினார்.

"நான்தான்டி."

அந்த அம்மா துள்ளி எழுந்துவிட்டார். "நீங்களா? நீலச் சட்டதானே போட்டுக்கிட்டு வந்தீங்க..."

கணவர் அப்படியே என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தக் காலி நாற்காலியில்தான். ரெயின்கோட் தொப்பியைக் கழற்றினார். "என் மூஞ்சியே தெரியலையா உனக்கு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

"சட்டையப் பாத்துக்குவேன், இருமலக் கேட்டுக்குவேன். மூஞ்சி தெரிஞ்சு ரொம்ப நாளாச்சு."

"சொல்லக்கூடாதாடி?"

"சொன்னா அடுப்பாண்ட நிக்க உடமாட்டீங்க. அப்புறம் கடைய யாரு பாக்கறது?"

மேடம் சொன்னதை எனக்குத் தெரிந்த வார்த்தையில் அவரிடம் சொன்னேன். பாதிதான் அவர் காதில் விழுந்திருக்கும். நாளைக்கு வருகிறோம் என்று அந்த ஆளிடம் சொல்லிவைத்தாயிற்றே என்று முனகினார். அந்த அம்மா நின்றபடியே சொன்னார்.

"நீங்க வேணும்னா போய்ட்டு வாங்க. என் கண்ணுல அவன் கை வெக்க வேணாம்."

சாப்பிட்டுவிட்டு வந்த முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு நானும் அவர்களோடு கண் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனேன். பாதி வழியில் அந்த அம்மா என் கையைத் தட்டி, "அந்தப் பொண்ணு நம்மகூட வரல. உங்க கடையிலயே உக்காந்துக்கிச்சு" என்றார். காரணமெல்லாம் தெரிந்த பிறகும் நான் ஆட்டோவில் ஒரு முறை பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் பின்பக்கம் விழித்திரையில் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார். ஒரு கண்ணில் நடுப்பார்வை போனது போனதுதான், இன்னொன்றை ஊசி போட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம், இன்னும் தாமதமாகியிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது என்றார். தன் கண்ணுக்குத் தெரியும் ஆட்களைப் பற்றி அந்த அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னபோது டாக்டர் ஆச்சரியப்படவே இல்லை. இதே அறையில் உட்கார்ந்து யானை பார்த்தவர்கள், சுவரில் கொடி படர்வதைப் பார்த்தவர்கள் எல்லாம் உண்டு என்றார். அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயரும் சொன்னார், எனக்கு வாயில் நுழையவில்லை. "அப்ப எனக்குப் பேயி ஒண்ணும் புடிக்கலையா?" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். ஒவ்வொரு முறையும் டாக்டர் இல்லை என்றார். கடைசியில் ஒரு முறை அவர் கணவரே "இல்லடி" என்றார்.

சாயங்காலம் என் பையை எடுக்கக் கடைக்குத் திரும்பினேன். முதலாளி கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். கரண்ட் வந்து எல்லா விளக்கும் எரிந்தது. இருந்தும் அந்த நாற்காலியை ஒட்டிப் போகாமல் மேஜையைச் சுற்றிக்கொண்டு போய்ப் பையை எடுத்தேன்.

ஊசிகள் போட்டு முடிந்த பிறகு, தை மாதம் இரண்டு பேரும் மறுபடி வந்தார்கள். ஒரு கண்ணில் பார்வை கொஞ்சம் தேறியிருந்தது. மேடம் பரிசோதித்தாள், ஃபிரேமை நான் எடுத்துக் கொடுத்தேன். அந்த ஆட்கள் இன்னும் வருகிறார்களா என்று கேட்டேன். "எப்பவாச்சும் வருவாங்க. வந்தா இவருகிட்டச் சொல்லிருவேன். எத்தன பேருன்னு கேப்பாரு, அவ்வளவுதான்" என்றார் அந்த அம்மா. கணவர் சிரித்துக்கொண்டார். புதுக் கண்ணாடியைப் போட்டதும் அந்த அம்மா தலையைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணின் ஓரத்தால் கணவர் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "என்னா, இப்படி எளைச்சுப் போயிட்டீங்க?" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அன்று ராத்திரி சாப்பாடு பரிமாறும்போது, என் மாமியாருக்கு எதிரே போய் நின்று "அத்தை, என் முகம் நல்லாத் தெரியுதா?" என்று கேட்டேன். மழையில் நனைந்து காய்ச்சல் வந்துவிட்டதோ என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பேய் உண்டா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் ஒரே கடையில் ஒரே அடுப்பின் இரண்டு பக்கம் நின்று வேலை செய்தவர்களில் ஒருவரின் முகம் மற்றவருக்கு மறைந்துபோய், அது யாருக்குமே தெரியாமல் மாதக்கணக்கில் நாள் நகர்ந்திருக்கிறதே, அதை நினைத்தால் வருகிற பயம் மட்டும் என்னை இன்னும் விடவில்லை.