எடுக்காமல் விட்ட சிரிப்பு

தென்காசியில் என்னை யாருக்காவது அறிமுகம் செய்து வைப்பதென்றால், "இவருதான் அந்தப் படத்துல செத்துப்போனவரு" என்று சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். எதிரே நிற்பவர் என்னை மேலும் கீழும் பார்ப்பார். பிறகு முகம் மலர்ந்து, "ஆமா, அருவித் தண்ணியில மெதந்து வந்தீங்களே!" என்று கையைப் பிடித்துக் குலுக்குவார். குத்துக்கல்வலசையில் நான் வைத்திருக்கும் பெயின்ட் கடைக்கு வருகிறவர்களும் அப்படித்தான். "வெளிச்சுவருக்கு இருபது லிட்டர் போடுங்க அண்ணாச்சி. சின்ன வயசுல என்னமா செத்தீங்க!" என்பார்கள். நானும் நன்றி சொல்லிவிட்டு பில் போடுவேன். வேறு என்ன செய்ய?

நான் சினிமாவில் நடிக்கப் போனதற்குக் காரணம் ஒரு குச்சி ஐஸ். சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்துவிட்டால் ஏதாவது ஒரு கம்பெனி கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். வேடிக்கை பார்க்கத் தென்காசியே போகும். எனக்கு ஐந்து வயது. அம்மாவின் இடுப்பில் இருந்தபடி கையிலிருந்த ஐஸை வரப்பில் தவறவிட்டேன். நான் போட்ட கூப்பாட்டில் கதாநாயகியின் பாட்டு நின்றுபோனது. எல்லோரும் திட்டப்போகிறார்கள் என்று அம்மா நடுங்கிக்கொண்டிருந்தபோது, டைரக்டர் எழுந்து வந்து, "இந்தப் பையன் இவ்வளவு நல்லா அழுறானே, யாரு?" என்றார்.

தமிழ்ப் படங்களில் கதாநாயகனுக்குக் கோபம் வரவேண்டுமென்றால் ஒரு குழந்தை சாகவேண்டியிருந்த காலம் அது. அந்த வேலைக்கு நான் கிடைத்தேன். ஒரு படத்தில் காய்ச்சல், இன்னொன்றில் லாரி, அப்புறம் பாம்பு. என் குரல்கூட என்னுடையது இல்லை. சென்னையில் ஒரு அம்மா எனக்காக மழலை பேசிக் கொடுத்தார். அழுகை மட்டும் சொந்தச் சரக்கு. அதிலும் பாதி அம்மாவுடையது. "ஆக்‌ஷன்" என்றதும் கேமராவுக்குப் பின்னால் நிற்கும் அம்மா உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பிப்பாள். அம்மா அழுவதைப் பார்த்தால் எனக்கும் தானாக வந்துவிடும். ஊரில் இதை நடிப்பு என்று சொல்லிக்கொண்டார்கள்.

சினிமாக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. யாராவது பிணமாக நடித்தால், அந்த ஷாட் முடிந்த கையோடு எழுந்து கேமராவைப் பார்த்து ஒருதரம் சிரிக்கவேண்டும். அதையும் ஒழுங்காகப் படம் பிடிப்பார்கள். படத்தில் அது வராது. செத்தது பொய் என்று கேமராவுக்கே தெரிவிக்கிற சடங்கு அது. சிரிக்காமல் விட்டால் அந்தச் சாவு ஆளைத் தேடி வரும் என்பார்கள். காய்ச்சலில் செத்தபோது சிரித்தேன். லாரிக்கும் பாம்புக்கும் சிரித்தேன்.

நாலாவதாக என்னை ஐந்தருவியில் முக்கிக் கொன்றார்கள். எனக்கு ஏழு வயது. சாரல் காலம். ஈரப் பாறையில் அசையாமல் கிடந்தால் ஒரு பை மங்குஸ்தான் தருவதாகப் புரொடக்‌ஷன் மேனேஜர் சொல்லியிருந்தார். கிடந்தேன். கண்ணை அரைகுறையாகத் திறந்து வைக்கச் சொல்லியிருந்ததால் எதிரே நடப்பதெல்லாம் தெரிந்தது. குடைக்கடியில் உட்கார்ந்திருந்த கதாநாயகன், எனக்கென்று வாங்கி வைத்த பையைத் திறந்து, பழங்களை ஒவ்வொன்றாகப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தார். அசைந்தால் ஷாட் வீணாகும். தொழில் சுத்தம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? கடைசிப் பழமும் தீரும்வரை செத்தே கிடந்தேன்.

"கட்" சொன்னார்கள். "இப்போ சிரிப்பா" என்றார்கள். நான் சிரிக்கவில்லை. டைரக்டர் கெஞ்சினார், மேக்கப்மேன் குரங்கு மாதிரி குதித்தார், அம்மா தொடையில் கிள்ளினாள். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நின்றேன். இருந்த கொஞ்ச வெளிச்சமும் போய் மழை கொட்டத் தொடங்கியது. "மெட்ராஸ்ல எடுத்துக்கலாம்மா" என்று சொல்லிவிட்டுக் கம்பெனி வண்டி ஏறிவிட்டது. அம்மா எஸ்டிடி பூத்தில் வரிசையில் நின்று நின்று போன் போட்டாள். "படம் ரிலீஸே ஆகிடுச்சே, இன்னும் என்ன?" என்று கேட்டார்களாம்.

என் கலையுலக வாழ்க்கை அத்துடன் முடிந்தது. அடுத்த படத்துக்கு ஆள் வந்தபோது அம்மா கதவைத் திறக்கவே இல்லை. ஜன்னல் வழியாக, "எம்புள்ளைய ஏற்கெனவே தண்ணியில போட்டுட்டுப் போயிட்டீங்க. இனிமே வராதீங்க" என்றாள். அன்றிலிருந்து எனக்கு அருவித் தடையும் விழுந்தது. குற்றாலத்துக்குப் பக்கத்தில் பிறந்து, வளர்ந்து, கடை வைத்து, தலை நரைக்கத் தொடங்கியும் அருவியில் தலை நனைக்காத மனிதன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சீசன் வந்துவிட்டால் போதும். எங்கெங்கோ இருக்கும் சொந்தக்காரர்கள் எல்லாம், "தண்ணி விழுதா?" என்று போன் செய்வார்கள். விழுகிறது என்று சொன்ன மறுநாள் வாசலில் வேன் நிற்கும். அவர்களை அருவிக்குக் கூட்டிப்போவது என் வேலை. கூட்டிப்போய்த் துணிமணிக்குக் காவல் இருப்பதும் என் வேலைதான். மடியில் பர்ஸ்களும் கைக்கடிகாரங்களும், கழுத்தில் துண்டுகள், கையில் மாமாவின் பல் செட். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அவர்கள் ஓடுவதைப் பார்க்க வயிறு எரியும். அம்மாவும் எப்போதும் என் பக்கத்திலேயே கல்லில் உட்கார்ந்திருப்பாள். நான் நைஸாக நழுவிவிடாமல் பார்த்துக்கொள்கிறாள் என்று கடுப்பாக இருக்கும். "நீயாவது போய்க் குளியேன்" என்றால், "எனக்கு நீர்க்கோவை" என்பாள்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் மீறுகிற துணிச்சலும் கிடையாது. கல்லூரியில் படிக்கும்போது ஒருதரம் சிநேகிதர்களோடு திருட்டுத்தனமாகப் போனேன். தண்ணீருக்குள் ஒரு கால்தான் வைத்தேன். வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தபோது அம்மா திட்டவில்லை, அடிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "தேடுது பாத்தியா?" என்று மட்டும் சொன்னாள். அதன்பிறகு எனக்கே கொஞ்சம் பயம் பிடித்துக்கொண்டது.

கல்யாணத்தின்போது செங்கோட்டைப் பெண் வீட்டாரிடம் மாப்பிள்ளைக்கு சைனஸ் என்று சொல்லப்பட்டது. என் மனைவி ரொம்ப நாள் என்னை ஆவி பிடிக்கவைத்தாள், பாவம். உண்மை தெரிந்ததும் சிரி சிரி என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பெல்லாம் போன வருஷம் எங்கள் மகளுக்கு ஏழு வயது ஆனபோது நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அருவிக்குக் கூட்டிப்போவதாக இருந்தார்கள். அம்மா குறுக்கே நின்றாள். "அப்பனுக்கு ஏழு வயசுலதான் ஆச்சு. இவளுக்கும் இப்ப ஏழு. அங்கன போகக் கூடாது."

பிள்ளை அறைக்குள் போய்த் தேம்பித் தேம்பி அழுதது. என்னைப் போலவே நன்றாக அழுகிறது. மனைவி என்னிடம் வந்தாள். "இத்தன வருஷமா துணிக்குக் காவலு இருந்தீங்க, அது உங்க பாடு. எம்புள்ளையும் அந்தக் கல்லுல உக்காரணுமா? அந்தச் சிரிப்ப எங்கனயாவது போய்ச் சிரிச்சுத் தொலைங்க" என்றாள். செல்போனில் எடுத்துவிடலாம் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். அம்மா ஒப்பவில்லை. "எந்தத் தண்ணியில செத்தியோ அந்தத் தண்ணி வேணும். சினிமா கேமரா வேணும். டைரக்டர் வாயால கட் சொல்லணும்" என்றாள். கோர்ட்டு வக்கீல்கூட இவ்வளவு தெளிவாக நிபந்தனை போடமாட்டார்.

இந்த ஆவணியில் ஐந்தருவிக்கு ஒரு படக் கம்பெனி வந்திருப்பதாகக் கடைக்கு வந்த பெயின்டர் சொன்னார். வாரநாள், கூட்டமும் குறைந்திருந்தது. கடையைச் சாத்திவிட்டு அம்மா, மனைவி, மகள் மூவரையும் ஏற்றிக்கொண்டு போனேன். அவர்களை மங்குஸ்தான் விற்கிற வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, வாக்கிடாக்கியோடு நின்ற உதவி டைரக்டர் பெண்ணை அணுகினேன்.

"ஒரே ஒரு ஷாட் எடுக்கணும்மா" என்றேன்.

"இப்போ சான்ஸ் எதுவும் இல்ல சார். போட்டோ அனுப்பிவைங்க, சொல்றோம்."

"சான்ஸ் இல்லம்மா. நான் ஏற்கெனவே நடிச்சிட்டேன். இங்கனதான் செத்தேன். சிரிக்கிறதுதான் பாக்கி."

அந்தப் பெண் இரண்டடி பின்னால் போனாள். வியர்க்க விறுவிறுக்க முழுக் கதையையும் சொன்னேன். கேலி செய்வார்கள், துரத்துவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப்போய் டைரக்டரிடம் ஓடினாள். டைரக்டர் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர், காதில் கடுக்கன் போட்டவர். கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இவ்வளவு வருஷமா சிரிக்காம எப்படி சார் உயிரோட இருக்கீங்க?" என்றார். லைட் தூக்குகிறவர் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மாவைப் பைத்தியம் என்று இத்தனை நாளும் மனசுக்குள் வைதுகொண்டிருந்தேன். இங்கே ஒரு யூனிட்டே அம்மாவாக நின்றது.

படப்பிடிப்பை நிறுத்தினார்கள். கன்டினியூட்டி பார்க்கிற பையன், "செத்தப்போ என்ன கலர் சட்டை சார்?" என்று கேட்டான். எனக்கு ஞாபகமில்லை. பழவண்டிப் பக்கமிருந்து அம்மா, "நீலம்! மேல் பட்டன் கெடையாது!" என்று கத்தினாள். துணைநடிகர் ஒருவரின் நீலச் சட்டையைக் கழற்றி எனக்கு மாட்டினார்கள். வயிற்றுப் பக்கம் பட்டன் போட முடியவில்லை. மேல் பட்டனைப் பிய்த்து எறிந்தார்கள். முகத்தில் வெள்ளையடித்து, தலையில் வாளித் தண்ணீரைக் கொட்டி, பாறையில் படுக்கவைத்தார்கள். முதலில் செத்து, பிறகு எழுந்து சிரிக்கவேண்டுமாம். முறை என்றால் முறைதான்.

நன்றாகவே செத்தேன். உடம்பு மறக்கவில்லை. "இப்போ எழுந்து சிரிங்க சார்" என்றார் டைரக்டர். எழுந்தேன். பல்லைக் காட்டினேன். "இது வலிக்கிற மாதிரி இருக்கு சார்." மறுபடி காட்டினேன். "இது கடன் கேக்குற மாதிரி இருக்கு." யூனிட் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. இன்றைக்கும் வரவில்லையென்றால் என் பிள்ளை அந்தக் கல்லில்தான் உட்காரும் என்று நினைத்தபோது, இருந்த பல்லும் உள்ளே போய்விட்டது.

கேமராவுக்குப் பின்னால் அம்மா வந்து நின்றாள். பழைய இடம். அங்கே நின்று அவளுக்கு அழவைக்கத்தான் தெரியும். உதட்டைக் கோணினாள், கண்ணை உருட்டினாள். என்னைச் சிரிக்கவைக்க அவளும் சிரித்துப் பார்த்தாள். அவளுக்கும் வரவில்லை. எங்கே அழுதுவிடுவாளோ, அதைப் பார்த்து நானும் அழுதுவிடுவேனோ என்று பயந்தேன். அப்போதுதான் கையிலிருந்த பையைத் தலைக்குமேல் தூக்கிக்காட்டி அருவி இரைச்சலை மீறிக் கத்தினாள்.

"ஏலே, மங்குஸ்தான் வாங்கிட்டேம்லே! ஒருத்தனுக்கும் குடுக்கல! பூராவும் ஒனக்குத்தாம்லே!"

முதலில் டைரக்டர் சிரித்தார். அப்புறம் லைட்காரர்கள், டீ கொடுக்கிறவர், பழவண்டிக்காரர். நரைத்த தலையில் தண்ணீர் சொட்ட, பட்டன் போடாத நீலச் சட்டையோடு நான் வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. "கட்!" என்றார் டைரக்டர். எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ ஒருவர் சூடம் கொளுத்திச் சுற்றிப் போட்டார்.

சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு அருவியைப் பார்த்து ஓடப்போனவன், மனைவியின் குரல் கேட்டுத் திரும்பினேன். "அத்தே, நீங்க எங்க போறீங்க?"

அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தாள். கண்ணாடியைக் கழற்றி, செருப்பையும் விட்டுவிட்டு, என் மகளின் கையைப் பிடித்துப் பெண்கள் குளிக்கிற பக்கம் கிளம்பிவிட்டாள்.

"ஒங்களுக்குத்தான் நீர்க்கோவையாச்சே?" என்றாள் மனைவி.

"நீர்க்கோவை என்னட்டி நீர்க்கோவை. எம்புள்ள நனையாத தண்ணியில நான் எப்படி நனைய? அவன் செத்த அன்னைலேர்ந்து நானும் குளிக்கல."

காவலுக்கு உட்கார்ந்திருக்கிறாள் என்று எத்தனை சீசன் அவளை முறைத்திருப்பேன்! அவளும் அந்தக் கல்லில் என் கூடவே தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

நான் அருவிக்குப் போகவில்லை. கல்லில் உட்கார்ந்தேன். அம்மாவின் கண்ணாடி, செருப்பு, மகளின் பை, மங்குஸ்தான் எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு காவல் இருந்தேன். பழக்கமான வேலைதான். கடைசியாக ஒருதரம் செய்யலாம் என்று தோன்றியது. தண்ணீருக்குள்ளிருந்து என் மகள் வீறிட்டுச் சிரிப்பது கேட்டது. கூடவே இன்னொரு சிரிப்பும் கேட்டது. யாருடையது என்று எனக்குச் சட்டென்று தெரியவில்லை. அதை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

ரொம்ப நேரம் கழித்துத்தான் அம்மா வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் வழிய, உதடு நடுங்க என் முன்னால் நின்றாள். என் மடியிலிருந்த எல்லாவற்றையும் வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்தாள்.

"போலே," என்றாள். "தண்ணி நல்லா விழுது."