இரண்டாவது வரியில் பிள்ளையார்

பாகூர் ஏரிப் பாசனச் சங்கத்துக்கு ஒரு வலைப்பக்கம் செய்துகொடுத்தோம். எந்த மதகு எப்போது திறக்கும், யாருக்கு எப்போது முறை என்று செல்போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். அதன் நிரலை, அதாவது புரோகிராமை, எழுதியது என் கணவர். சரிபார்ப்பது நான், ஆகவே அவரிடம் எரிந்து விழுவதும் நான்.

எனக்கு ஒரு பிடிவாதம். ஒரு பக்கத்தைத் திறந்தாலே அதன் நிரல் நம் போனுக்குள் வந்து ஓடுகிறது. அது கட்டற்ற மென்பொருளாக, யாரும் படிக்கவும் திருத்தவும் உரிமை தருவதாக இருக்க வேண்டும். அதைப் பார்க்கவே என் பிரவுசரில் காவலாளி மாதிரி ஒரு துணைநிரல் வைத்திருக்கிறேன். நிரலின் முதல் வரியில் உரிமம் இன்னதென்று எழுதியிருந்தால் விடும்; இல்லையென்றால் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடும்.

அன்று மாலை சங்கக் கூட்டம். எங்கள் பக்கமா, உள்ளே என்ன இருக்கிறதென்றே காட்டாத வெளியூர் கம்பெனி ஆப்பா என்று முடிவெடுக்கப் போகிறார்கள். எங்களுடையதில் ஒளிவுமறைவே இல்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். காலையில் கடைசியாகச் சோதித்தால், காவலாளி எங்கள் பக்கத்தையே தடுத்துவிட்டது. மதகு விவரம் இருக்கவேண்டிய இடம் வெறும் வெள்ளை.

நிரலைத் திறந்தேன். உரிமம் ஒழுங்காகத்தான் இருந்தது, இரண்டாவது வரியில். அதற்கு மேலே தனியாக ஒரு 'உ'. மளிகைச் சாமான் எழுதும் துண்டுத்தாளில்கூடப் பிள்ளையார் சுழி போடாமல் பேனாவை நகர்த்தாத மனுஷன், நிரலை மட்டும் விடுவாரா? எடுங்கள் என்றால், நல்ல காரியத்துக்கு முன்னால் எடுக்கவே கூடாதாம். தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கெஞ்சிக் கூத்தாடி, உரிமத்துக்குக் கீழே பிள்ளையாரை இறக்கினேன். காவலாளி வழிவிட்டது.

கூட்டத்தில் சங்கத் தலைவர், செலியமேட்டில் நெல்லும் கரும்பும் வைப்பவர், ஒளிவுமறைவு இல்லையென்றால் அந்த நிரலைக் காட்டு என்றார். நான் பூரித்துப் போனேன். இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்தார். இங்கிலீஷ் வரிகளுக்கு நடுவே அவர் விரல் ஓரிடத்தில் நின்றது.

"இன்னாம்மா இது, பிள்ளையார் சுழிய ரெண்டாவதா போட்டு வச்சிருக்கீங்க? மொதல்ல அத மேல ஏத்து. அப்பறம் பேசலாம்."

கூட்டமே தலையாட்டியது. என் கணவர் சுவாரசியமாக மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் படிக்கலாம், யாரும் திருத்தலாம் என்று ஊரெல்லாம் சொன்னவள் நான்தானே. காவலாளியை நினைத்துக்கொண்டே பிள்ளையாரை மறுபடி முதல் வரிக்கு ஏற்றினேன்.