கதவைத் திறக்காத பதினோரு நிமிடம்

தங்கமாரி அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் அச்சகத்தில் அடுத்த வருட தினசரி காலண்டருக்கு ராகுகாலம், எமகண்டம் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மனைவி பாக்கியம் மதினிதான் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து போன் போட்டார். "விஜயா, அவுக போயிட்டாகம்மா" என்றார். கையில் இருந்த புரூப் தாளை நான் நாலாகக் கிழித்துப் போட்டேன். முதலாளி நிமிர்ந்து பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும், எனக்கென்ன.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் அவர் வேனில் போனவர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திருத்தங்கல்லில் எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருந்தவர். பட்டாசு ஆலைகளுக்குப் பெண்களை ஏற்றிப் போகும் வேன் ஓட்டினார். ஆலை வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால், வேன் கிளம்பும் முன்பே ஏறியவர்களை வரிசையாக நிறுத்தி ஒரு படம் எடுத்து ஏஜெண்டுக்கு அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான் அவன் தலை எண்ணுவான். எண்ணி முடித்ததும் படத்தை அழித்துவிட வேண்டும் என்பது உத்தரவு. ஏனென்றால் அந்தப் பெண்களில் முக்கால்வாசிப் பேர் எந்த ஆலையின் வருகைப் பதிவேட்டிலும் கிடையாது. உள்குத்தகைக்கு விட்ட அறைகளில் வேலை பார்ப்பவர்கள்.

அண்ணன் அழிக்கவில்லை. எங்கள் அச்சகம் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர் ஒன்றை மகள் படிப்புக்காக வாங்கிப் போயிருந்தார். மகள் கல்யாணமாகிப் போன பிறகு அதில் ஞாயிறுதோறும் இந்தப் படங்களை ஏற்றி வைத்தார். "எதுக்குண்ணே இந்தக் குப்பை?" என்று கேட்டிருக்கிறேன். "ஒரு மனுசி மூஞ்சிய அழிக்கச் சொல்ல இவன் யாருத்தா?" என்றார். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒருமுறை டீக்கடையில் வைத்து ஏஜெண்டு, "இன்னைக்கு லோடு எம்புட்டு?" என்று கேட்டான். அண்ணன் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார். பல்லில் ரத்தம் வந்துவிட்டது. "பொம்பளையாளுக பதினாலு பேருன்னு சொல்லிப் பழகுலே" என்றார். அன்றைக்கே வேலை போயிருக்க வேண்டும். சீசன் நேரம், வேன் ஓட்ட ஆள் கிடைக்காததால் தப்பினார்.

போன தீபாவளிக்கு முன்னால், அவர் ஆள் இறக்கிவிடும் ஆலைகளில் ஒன்று வெடித்தது. அண்ணன் வாசலுக்கு வெளியே வேன் நிழலில் உட்கார்ந்திருந்தார். முதல் சத்தத்தில் வேன் கண்ணாடி மொத்தமும் அவர் மடியில் கொட்டியது. இரண்டாவதில் ஓர் அறையின் கூரையே பறந்து வந்து வேப்பமரத்தில் விழுந்தது. எல்லோரும் வெளியே ஓட, இவர் உள்ளே ஓடினார். காலையில் தான் இறக்கிவிட்ட பெண்களைத் தார்ப்பாயில் அள்ளி வெளியே கொண்டுவந்தார். அள்ளி என்றுதான் எழுத வேண்டும், அதுதான் நடந்தது. ஒருத்தியைக் கால் மெட்டியை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். மூன்று நாள் அவர் சோறு உண்ணவில்லை. உள்ளங்கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்துபோயிருந்தது.

நாலு பெண்கள் செத்தார்கள். அந்த நாலு பேரும் தங்கள் ஆட்களே இல்லை, யாருக்கோ சோறு கொண்டுவந்தவர்கள் என்று ஆலைத் தரப்பில் சொன்னார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

"படமெல்லாம் இருக்கில்லண்ணே?"

"மூணு வருசத்துப் படம் இருக்கு."

"இந்தக் கம்ப்யூட்டர்ல மட்டுமா? ஒருத்தன் வந்து தூக்கிட்டுப் போனா முடிஞ்சுச்சு. ஆன்லைன்ல ஏத்தி வைக்கணும்ணே. அங்கன இருந்தா எவனும் தொட முடியாது."

ஒரு கணக்குத் திறந்து கொடுத்தேன். என் அச்சகக் கம்ப்யூட்டரிலும் அதே கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டேன். ஏற்றுவதற்கு இருந்ததோ அவருடைய செல்போன் இணையம்தான். அடுப்படி ஜன்னல் கம்பியில் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டித் தொங்கவிட்டால் மட்டும் சிக்னல் வரும். ஒரு படம் ஏற அரை நிமிடம் ஆகும், சில நேரம் ஐந்து நிமிடம் ஆகும். பாதியில் அறுந்தால் திரும்ப முதலிலிருந்து. அன்றைய டேட்டா தீர்ந்தால் மறுநாள் விடியும் வரை காத்திருக்க வேண்டும். "படத்தைச் சின்னதாக்கிருவோம், சீக்கிரம் ஏறும்" என்றேன். "மூஞ்சி மங்கிப்போகும். அதுக்கு ஏத்தாமயே இருக்கலாம்" என்று மறுத்துவிட்டார். இறந்த நாலு பேர் இருக்கும் படங்களை முதலில் ஏற்றினோம். அவை இரண்டே நாளில் போய்விட்டன. எனக்குப் போதும் என்று தோன்றியது. அவர் மிச்சத்தையும் விடாமல் ஏற்றிக்கொண்டே இருந்தார்.

படங்கள் இருக்கும் விஷயம் எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. ஐந்தாம் நாள் மாலை நாலு மணிக்கு மதினியின் போனிலிருந்து அழைப்பு வந்தது, ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். ஆறேழு பேர் இரும்புக் குழாயோடு வந்து கதவை இடிக்கிறார்கள். "கம்ப்யூட்டரக் குடுத்துருலே" என்று ஒருவன் கத்துவது எனக்கே கேட்டது. வெளியே மீட்டர் பெட்டியில் பீஸைப் பிடுங்கிக் கரண்டை நிறுத்திவிட்டார்கள். கம்ப்யூட்டரோடு வாங்கிப் போன பழைய யூபிஎஸ் கீய் கீயென்று கத்த ஆரம்பித்தது. அச்சகத்தில் என் திரையில் படங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன.

"அண்ணே, திறந்து விட்டுருங்க! நமக்கு வேண்டியதெல்லாம் வந்து சேந்திருச்சு!" என்று கத்தினேன்.

"இன்னும் எம்புட்டு கிடக்கு?"

"இருபத்தி மூணு. அதெல்லாம் வேற ஊர்ப் பொம்பளையாளுக, அது நமக்கு வேண்டாம்ணே. திறங்கண்ணே!"

"அப்ப நீ கம்முனு இருத்தா."

தாழ்ப்பாள் தெறித்தது. அவர் கதவுக்கு முதுகைக் கொடுத்து, நிலையைக் கையால் பிடித்துக்கொண்டார் என்று மதினி பிறகு சொன்னார். கதவு இடுக்கில் அவர் விரல்கள் இருந்தன. அந்த விரல்கள் மேல் கதவை வைத்து வைத்து இடித்தார்கள். நான் கேட்டது எலும்பு உடைந்த சத்தம்தான். அவர் "எத்தன?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். பதினைந்து என்றேன். ஒன்பது என்றேன். அழுதுகொண்டே நாலு என்றேன். அப்போது கதவு போயிற்று. அதற்கு மேல் திரையில் எதுவும் வரவில்லை.

பதினோரு நிமிடம். மதினி எறிந்த மிளகாய்ப்பொடியில் இரண்டு பேர் கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். மற்றவர்கள் அவர் தலைமுடியைப் பிடித்து வாசற்படியில் மோதினார்கள். கம்ப்யூட்டரைத் தெருவுக்கு இழுத்துவந்து ஹாலோ பிளாக் கல்லைத் தூக்கிப் போட்டு நொறுக்கினார்கள். தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. யார் அனுப்பிய ஆட்கள் என்று இன்னும் விசாரணை நடக்கிறதாம். எங்கள் தெருவில் யாருக்கும் அதை விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

முதலில் ஏறிய படங்கள் வேலை செய்தன. வெடித்த அன்று காலை எடுத்த படத்தில் தூக்குவாளியோடு வேன் வரிசையில் நாலு பேரும் நின்றார்கள். அதை விசாரணை அதிகாரி மேசையில் வைத்ததும், சோறு கொண்டுவந்தவர்கள் என்று சொன்ன வாய் மூடிக்கொண்டது. நாலு பேரும் அந்த ஆலையில் வேலை பார்த்துச் செத்தவர்கள் என்று அறிக்கையில் எழுதினார்கள்.

ஆனால் அண்ணன் எழுந்து பழைய ஆளாகவில்லை. வலது கையில் மூன்று விரல் மடங்காது. தலையில் அடிபட்ட இடத்தில் ரத்தக்கட்டு, அடிக்கடி வலிப்பு. வேன் ஓட்டும் பிழைப்பு அத்தோடு போயிற்று. நான் போகும்போதெல்லாம் திட்டினேன். நோயாளி என்றுகூடப் பார்க்கவில்லை. "உங்களுக்குக் கிறுக்கா? நமக்கு வேண்டியது முந்தியே ஏறிருச்சு. சம்பந்தமே இல்லாத இருபத்தி மூணு படத்துக்கா மண்டையக் குடுத்தீக? மதினி கதிய நினைச்சுப் பாத்தீகளா?" ஒருநாள் பொறுக்க முடியாமல் பதில் சொன்னார்: "செத்தவுகளுக்கு நீ ஏத்துனது போதும்த்தா. மத்தவளுக நாளைக்கும் வேலைக்குப் போவாளுகல்ல?" அது எனக்கு உறைக்கவில்லை. வீம்பு பிடித்த மனுசன் என்று முணுமுணுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

போன மாதம் இன்னொரு ஆலை வெடித்தது. தாயில்பட்டிப் பக்கத்துப் பெண் மாரீஸ்வரி செத்துப்போனாள். சின்ன வயது, இரண்டு பிள்ளைகள். அதே ஏஜெண்டு அனுப்பிய பெண். அன்றைக்குத்தான் முதன்முதலாக வேலை கேட்டு வந்தாள், உள்ளே எப்படிப் போனாள் என்றே தெரியாது என்றார்கள். அவள் புருசன் ஒரு போட்டோவைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். கணக்கைத் திறந்து தேடினேன். கடைசியாக ஏறிய பத்தொன்பது படங்களில் ஏழில் இருந்தாள். ஒன்றில் சிரித்துக்கொண்டு நின்றாள், பின்னால் வேன் கண்ணாடியில் அவள் செத்த ஆலையின் பெயர்ச்சீட்டு. வேறு எங்கேயும் அவள் வேலை பார்த்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

அதை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் ஓடினேன். அதற்குள் வலிப்பு வந்து மதுரைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வாயில் குழாய், நினைவில்லை. காதோரம் குனிந்து விஷயத்தைச் சொன்னேன். கண் இமை அசைந்த மாதிரி இருந்தது, அது அசைவா என் ஆசையா தெரியவில்லை. நர்ஸ் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார். அதற்கு மூன்றாம் நாள்தான் மதினி போன் செய்தார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கணக்கும் அதன் கடவுச்சொல்லும். இப்போது பெண்களே தங்களுக்குள் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார்கள். ஏழு மணிக்கு எடுத்த படம் சிக்னல் கிடைத்து எனக்கு வந்து சேரச் சில நாள் பத்து மணியாகிவிடும். அதுவரை நான் யாரிடமும் ஒழுங்காகப் பேசுவதில்லை. வந்த ஒவ்வொரு முகத்தையும் பெயர் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வேலையில் உட்காருகிறேன்.

அண்ணே, எட்டு மாதம் உங்களைத் திட்டினேன். உங்கள் காதில் விழுந்ததோ இல்லையோ, உங்களைத் தெரிந்த இத்தனை பேர் முன்னால் இப்போது சொல்கிறேன். கதவைத் திறக்கச் சொன்னது என் தப்பு.