எது நம்ம வீட்டுக்கு?

அத்தையைப் பெண் பார்க்க மூன்று முறை ஆட்கள் வந்து போன பிறகு, நான்காவது முறை அவள் ஒரே பிடியாய் நின்றுவிட்டாள். இனிமேல் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கேசரித் தட்டை நீட்ட முடியாது. மாப்பிள்ளைக்கு விருப்பமிருந்தால் ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் நடக்கும் ஓவியக் கண்காட்சிக்கு வரட்டும், அங்கே பார்த்துப் பேசிக்கொள்ளலாம் என்றாள். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஊர்ல கேட்டா சிரிப்பாங்க. பொண்ணு பாக்கதுக்கு யாராவது பஸ் ஏறி பெங்களூர் போவாங்களா?" என்றார். துணைக்குச் சின்னவளை அனுப்பினால் ஒன்றும் தப்பில்லை என்று அம்மாதான் பேச்சை முடித்துவைத்தாள். அந்தச் சின்னவள் நான். எனக்கு அப்போது எட்டு வயது. துணைக்குப் போகிறவளுக்கென்று சொந்தமாக ஒரு திட்டம் இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. சங்கரன்கோவில் பக்கமிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்து எங்களோடு தங்கியிருந்தாள். கம்பெனியில் அவளுக்கு, உள்ளங்கை அகல மின்சுற்றுப் பலகைகளில் ஈய ஒட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று நாள் முழுக்க லென்ஸ் வழியாகப் பார்க்கும் வேலை. "பூராப் பொழுதும் பொடியப் பாத்த கண்ணுக்குப் பெருசா எதையாவது காட்டணும்ட்டி" என்பாள். விடுமுறை நாளில் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் போட்டு இருவரும் வரைவோம். ஒரே அட்டை, ஒரே தண்ணீர்க் குவளை. மேல் பாதி வானம் அவளுக்கு. கீழ்ப் பாதி எனக்கு. இரண்டும் சேரும் இடத்தில் எப்போதும் சண்டை வரும்.

மாதம் ஒரு முறை ஓவியம் பார்க்கப் பெங்களூருக்குப் போவோம். அத்திப்பள்ளி தாண்டியதும் கடைப்பலகைகளில் எழுத்து கன்னடமாக மாறிவிடும். எனக்கு அங்கிருந்தே கனவு தொடங்கிவிட்ட மாதிரி இருக்கும். பெரிய பெரிய மரங்களுக்கு நடுவே ஒரு பழைய கட்டடம். உள்ளே குளிர்ந்த தரை. பேசினால் குரல் சுவருக்குச் சுவர் போய்த் திரும்பி வரும் என்பதால் எல்லோரும் மெதுவாகப் பேசுவார்கள். எங்களுக்கென்று ஒரு விளையாட்டு இருந்தது. எல்லா ஓவியங்களையும் பார்த்து முடித்த பிறகு, 'எது நம்ம வீட்டுக்கு?' என்று ஒருவரையொருவர் கேட்க வேண்டும். ஆளுக்கு ஒன்று மட்டுமே. பிறகு அதை எங்கே மாட்டுவது என்று ஓசூர் வந்து சேரும்வரை யோசிப்போம். எங்கள் வீட்டில் ஒரு சுவரை பீரோவும் இன்னொன்றை அலமாரியும் அடைத்திருந்தன. மிச்சமிருந்ததில் காலண்டர், கண்ணாடி, துணி மாட்டும் கொக்கிகள். மனசுக்குள் பீரோவை எத்தனையோ முறை தெருவில் இறக்கி வைத்திருக்கிறோம்.

இரண்டு வாரம் முன்பு அதே கண்காட்சிக்குப் போனபோது அத்தை ஒரு ஓவியத்தின் முன்னால் நின்றுவிட்டாள். ஓர் அறை, சன்னல் வழியாக மஞ்சள் வெயில், ஒரு கட்டில், தரையில் இரண்டு டம்ளர்கள். ஆள் யாரும் இல்லை. "யாரோ இப்பதான் எந்திரிச்சுப் போயிருக்காங்க, பாரேன்" என்றாள். நானும் பார்த்தேன். போனவர் திரும்பி வந்துவிடுவார் என்று நம்பி, கால் வலிக்கும்வரை காத்திருந்தேன். மாப்பிள்ளையை அங்கே வரச் சொன்னதற்கு அந்த ஓவியம்தான் காரணம் என்பது என் எண்ணம்.

அவர் எங்களுக்கு முன்பே வந்து மரத்தடியில் நின்றிருந்தார். ஓசூர் பக்கத்துச் சூளகிரிக்காரர். அவருடைய அப்பா எங்கள் சங்கரன்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்தவராம். இரவு ஷிஃப்ட் முடித்து நேராக வந்ததால் கம்பெனிச் சட்டையும் கனத்த பூட்சும் போட்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. 'மாமா என்று கூப்பிடு' என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. இவர் வந்தால் அத்தை போய்விடுவாள். அத்தை போனால் வானம் யார் வரைவது? அவரை வந்த வழியே அனுப்பிவிட வேண்டும் என்று அத்திப்பள்ளியிலேயே முடிவு செய்திருந்தேன்.

அவர் எனக்கு வேலையே வைக்க மாட்டார் போலிருந்தது. எல்லோரும் எட்ட நின்று நேராகப் பார்க்கும் ஓவியத்தை அவர் பக்கவாட்டில் போய், கன்னத்தைச் சுவரோடு ஒட்டுகிற மாதிரி சாய்த்துப் பார்த்தார். ஒற்றைக் கண்ணை மூடினார். குனிந்து கீழிருந்து பார்த்தார். மோட்டார் சைக்கிள் பெட்ரோல் டேங்குகளுக்கு அடித்த பெயிண்டில் குறை இருக்கிறதா என்று சோதிப்பது அவர் வேலை. அங்கே அப்படித்தான் பார்ப்பார்களாம்.

"இந்த எடத்துல பெயிண்ட் வடிஞ்சிருக்குங்க. எங்க லைன்ல வந்திருந்தா திருப்பி அனுப்பிடுவோம்" என்றார்.

வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தையின் முகம் விழுந்துவிட்டது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அத்தை கொஞ்ச நேரம் தனியாக இருக்க நினைத்தவள்போல அடுத்த அறைக்குள் போனாள். நாங்கள் இருவரும் அந்தக் கட்டில் ஓவியத்தின் முன்னால் மிஞ்சினோம். அவர் அதையும் சாய்ந்து பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து வெள்ளை நூல் கையுறை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"கண்ணுக்குத் தப்புனது கைக்குச் சிக்கும். பாப்பா, இங்க இதையெல்லாம் தொட்டுப் பாக்கலாமா?" என்று என்னைக் கேட்டார்.

தொடவே கூடாது என்பதுதான் அத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் சட்டம். மூச்சுகூட ஓவியத்தின் மேல் படக் கூடாது என்பாள்.

"தொடலாமே. நாங்க எப்பவும் தொடுவோம்" என்றேன்.

அவர் இரண்டு விரல்களை வைத்து, தூங்குகிற குழந்தையின் முதுகைத் தடவுவதுபோல, கட்டிலுக்கு மேலே மெல்லத் தடவினார். அவ்வளவுதான். "முட்டபேடி சார்! முட்டபேடி!" என்று காவலாளி கன்னடத்தில் கத்திக்கொண்டு ஓடிவந்தார். தொடாதே என்று அர்த்தம் தெரியாதவர்களும் கையை இழுத்துக்கொள்ளும் குரல் அது. நாலு பக்கமிருந்தும் ஆட்கள் கூடிவிட்டார்கள். அத்தையும் ஓடிவந்தாள். அவர் கையுறையைக் கழற்றி மடித்துக்கொண்டு, கன்னடத்தில் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். அவருடைய காதெல்லாம் சிவந்திருந்தது.

"யாரு தொடச் சொன்னது உங்கள?" என்றாள் அத்தை.

நான் அத்தைக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார்.

"யாரும் சொல்லலைங்க. பழக்கதோஷம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா ஒண்ணுங்க. இந்தக் கட்டில்மேல முதல்ல ஒரு ஆள் உக்காந்திருந்திருக்காங்க. அப்புறம் மேல பெயிண்ட் அடிச்சு மூடியிருக்காங்க. தோள் மேடு தெரியுது" என்றார்.

பிறகு என் அத்தை, ஓவியத்தை எட்ட நின்றுதான் பார்க்க வேண்டும் என்று எனக்குக் கற்பித்தவள், சுவரோரமாய்ப் போய்க் கன்னத்தைச் சாய்த்து ஒற்றைக் கண்ணை மூடினாள். காவலாளி கையைப் பிசைந்துகொண்டிருந்தார். அவள் வெகுநேரம் அப்படியே இருந்தாள். "ஆமா" என்று மட்டும் சொன்னாள். எனக்கும் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கண்டுபிடித்ததைப் பார்ப்பதா என்று வீம்பாகத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே மரத்தடியில் டீ குடித்தார்கள். எனக்கு பன் வாங்கித் தந்தார் அவர். குற்றவுணர்ச்சியோடு சாப்பிட்டாலும் பன் நன்றாகத்தான் இருந்தது. சூளகிரியில் வீடு கட்டி முடித்துவிட்டதாகவும், மூன்று சுவர் ஆணிகூட அடிக்காமல் சும்மா கிடப்பதாகவும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். பன்னிலிருந்து திராட்சையைப் பொறுக்கிக்கொண்டிருந்த எனக்கு அது ஒரு பேச்சாகவே படவில்லை. கிளம்பும்போது, "வரேன் பாப்பா" என்றார். காட்டிக்கொடுக்காதவரிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

திரும்பும் பஸ்ஸில் அத்தை சன்னலோரம் உட்கார்ந்து பேசாமல் வந்தாள். மேம்பாலத்தின் மேல் பஸ் ஏறியபோது வெயில் அந்த ஓவியத்தில் இருந்த மாதிரி மஞ்சளாக அவள் மடியில் விழுந்தது. மாப்பிள்ளை சொதப்பிவிட்டார், அந்த வருத்தம்தான் என்று எடுத்துக்கொண்டேன். அவளைத் தேற்றுவது என் கடமை என்று பட்டது.

"அத்தை, எது நம்ம வீட்டுக்கு?" என்றேன்.

"அந்தக் கட்டில் படம்தான்."

"எங்க மாட்டுறது? பீரோவ எடுக்கணுமே."

"எடுக்க வேண்டாம்ட்டி. அதுக்குச் சுவர் இருக்கு. மூணு சுவர் காலியா இருக்கு" என்றாள். சொல்லும்போது சிரித்த மாதிரி இருந்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை நாள் இடமில்லாமல் தவித்த ஓவியங்களுக்கெல்லாம் ஒரே நாளில் இடம் கிடைத்துவிட்டது. நான் தேர்ந்தெடுத்திருந்த பச்சைக் குளத்தையும் பக்கத்திலேயே மாட்ட வேண்டும் என்றேன். மாட்டிவிடலாம் என்று என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். அத்திப்பள்ளி வந்து எழுத்துகள் மறுபடி தமிழாக மாறுவதைக்கூட நான் பார்க்கவில்லை. அவரை விரட்டிவிட்டேன், அத்தை எனக்கே எனக்கு என்ற நிம்மதியில், அந்தச் சுவர்கள் யாருடைய வீட்டில் இருக்கின்றன என்று கேட்காமலே தூங்கிப்போனேன்.